நிற்காத பேருந்து

மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அருணகிரி, ஊருக்கு வெளியே ஒரு சிறிய மடத்தில் மெய்யம்மையிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுதான்.

அன்று காலை தியானத்தில் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்தார். முற்றத்தில் நடந்தார். மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"என்ன ஐயா?" என்றார் மெய்யம்மை.

"மில்லுல கூட வேலை பார்த்த அந்தோணியம்மா வந்திருந்தாங்க. வயசானவங்க மட்டும் நின்னா பஸ்ஸை நிறுத்துறதே இல்லைன்னு, இன்னிக்கு டிப்போ வாசல்ல எல்லாரும் உட்காரப் போறாங்களாம். என்னையும் கூப்பிட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"மான அவமானத்தையெல்லாம் விட்டாச்சுன்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போயிட்டாங்க. அப்போ பிடிச்சு மனசு ஒரு நிலையில இல்லை. நான் சொன்னது தப்பா அம்மா?"

"டவுனுக்குப் போகணும். கூட வாங்க."

நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். தூரத்தில் பேருந்து தெரிந்ததும் மெய்யம்மை சட்டென்று புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தனியே நின்ற அருணகிரி கையைக் காட்டினார். பேருந்து வேகமெடுத்துப் போயிற்று.

"வலிச்சுதா?" என்று மரத்துக்குப் பின்னாலிருந்தே கேட்டார் மெய்யம்மை.

வேட்டியில் படிந்த புழுதியைத் தட்டினார் அருணகிரி. "இல்லைம்மா. எனக்குப் பழகிப்போச்சு." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அப்போது ஒரு கண்ணில் கட்டோடு ஒரு முதியவர் வந்து சேர்ந்தார். ராயப்பன் என்று பேர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரிக்க வேண்டுமாம்.

அடுத்த பேருந்தும் நிற்கவில்லை. ராயப்பன் கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். தடுக்கி விழுந்தார்.

அருணகிரி ஓடிப்போய்த் தூக்கினார். உள்ளங்கை சிராய்த்திருந்தது. ராயப்பன் சிரிக்கப் பார்த்தார்.

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்லைங்க. நான் ஏற நேரமாகும்ல? நேத்தும் இப்படித்தான் திரும்பிப் போனேன்."

அடுத்த வண்டி வந்தபோது அருணகிரி நடுரோட்டில் நின்றார்.

பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் தலையை நீட்டினார். "யோவ் பெருசு! சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"இவர் ஏறணும்! ஏறி உட்கார்ற வரைக்கும் வண்டி நகரக் கூடாது!"

ராயப்பன் மெல்ல ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். பிறகுதான் அருணகிரி வழியை விட்டார். மெய்யம்மையும் வந்து ஏறிக்கொண்டார்.

அருணகிரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கத்திட்டேன் அம்மா. இத்தனை வருஷம் பழகினதெல்லாம் வீணாப் போச்சு."

மெய்யம்மை இரண்டு டிக்கெட் எடுத்தார்.

டிப்போ வாசலில் பேருந்து நின்றது. வெயிலில் வரிசையாக முதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தோணியம்மாள் தொண்டை கட்டிய குரலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்.

அருணகிரி எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"இறங்கினா இன்னும் கோபம் வரும் அம்மா."

"வரும்."

"விட்டதையெல்லாம் திரும்பப் பிடிச்சுக்கிட்ட மாதிரி ஆகாதா?"

முன்சீட்டில் ராயப்பன் தன் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார். மெய்யம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மரியாதையை நீங்க விடலாம் ஐயா. அது உங்களோடது. அவரோடதை விட்டுக்கொடுக்க நீங்க யாரு?"

அருணகிரி படியில் இறங்கினார்.