காட்டுக்கோழி எழுதிய முட்டைக் கதை

ஒரு காட்டில், தேக்கு அடர்ந்த மலைச்சரிவில், காட்டுக்கோழி ஒன்று கதை எழுதிக்கொண்டிருந்தது. கோழி எப்படி எழுதும் என்று அதற்குள் கையைத் தூக்காதீர்கள், சொல்கிறேன். தேக்கின் இளம் இலையை நகத்தால் கீறினால், கீறிய இடம் சிவந்துவிடும். அந்தக் காட்டில் எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். போதுமா?

கோழிக்கு வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. குஞ்சுகளுக்குக் கரையான் புற்றைக் கிளறிக் கொடுக்க வேண்டும். பருந்தின் நிழல் விழுந்தால் எல்லாவற்றையும் சிறகுக்குள் இழுத்துப் போட வேண்டும். ஒன்றையொன்று கொத்திக்கொண்டால் நடுவில் புகுந்து இரண்டுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். வெயில் ஏறிக் குஞ்சுகள் கண்ணயர்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அதற்குச் சொந்தம். அப்போது எழுதும்.

இந்த முறை எழுதியது ஒரு முட்டையைப் பற்றி. பொரிந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் கூட்டை விட்டுப் போகிறது. பொரியாத ஒரு முட்டை மட்டும் அங்கேயே கிடக்கிறது. தாயின் காலடிச் சத்தம் தூரம் தூரமாகப் போவதை அது ஓட்டுக்குள் இருந்தபடியே கேட்கிறது. அதுதான் கதை. கடைசி இலையை மட்டும் கொஞ்சம் அவசரமாக முடித்தது.

எழுதி முடித்ததும் கோழிக்கு ஒரே ஓர் ஆசை. யாராவது படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா?

முதலில் சேவலிடம் நீட்டியது. சேவல் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அடியில் புழு ஒன்றும் இல்லையே?" என்றது.

கோழி இலைகளைக் கொடியால் கட்டித் தூக்கிக்கொண்டு மயில்பாறைக்கு நடந்தது.

மயில்தான் அந்தக் காட்டின் பெரிய எழுத்தாளர். கடைசியாக எப்போது எழுதியது என்று யாருக்கும் நினைவில்லை, அது வேறு விஷயம். புதிதாக எழுதுகிறவர்கள் இலைக்கட்டை அங்கே கொண்டு வருவார்கள். வாசலில் நிற்கும் மைனா அதை வாங்கிப் பாறைக்குப் பின்னால் தள்ளும். மயிலுக்குப் பிடித்திருந்தால் ஓர் இறகு கொடுக்கும். இறகு கிடைத்தவர் எழுத்தாளர். கிடைக்காதவர் பேசாமல் புற்றைக் கிளறலாம்.

'இறகு கிடைக்காவிட்டால் இனி இலையைத் தொடுவதில்லை' என்று கோழி முடிவு செய்துகொண்டது.

மறுநாளே குஞ்சுகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றது.

"ஐயா படித்தாரா?"

"ஐயா வாலை உலர்த்துகிறார்," என்றது மைனா.

அடுத்த நாளும் வந்தது.

"இன்றைக்காவது?"

"ஐயாவுக்குத் தொண்டை சரியில்லை. ஏம்மா, உனக்கு வீட்டில் வேலையே இல்லையா?"

கோழி திரும்பி நடக்கும். கொஞ்ச தூரம் போனதும் யாரோ பின்னால் கூப்பிட்டது போலிருக்கும். நின்று பார்க்கும். காற்றாக இருக்கும்.

"அம்மா, அந்தப் பாறையில் என்ன இருக்கு, தினம் பார்க்கிறே?" என்று கேட்டது கடைக்குட்டி.

"ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நட."

மழை வந்தது, நின்றது. புற்றைக் கிளறும்போதும் கோழியின் ஒரு கண் பாறைப் பக்கமே இருந்தது. கரையானுக்குப் பதிலாகக் கல்லைக் கொத்திக் குஞ்சு வாயில் வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மைனா ஓர் இறகைத் தூக்கி எறிந்தது. "இந்தா, உனக்குத்தான்!"

கோழிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் இறகோடு திரும்பிப் போக மனம் வரவில்லை. இத்தனை நாள் ஏங்கியது இறகுக்கு மட்டுமா என்ன?

"ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேன்," என்று கெஞ்சியது.

மயில் பாறைமேல் வந்து நின்றது.

"ஐயா, என் கதையில் எந்த இடம் உங்களுக்குப் பிடித்தது? தெரிந்தால் அடுத்ததை இன்னும் நன்றாக எழுதுவேன்."

"எல்லா இடமும் பிடித்தது. முக்கியமாக அந்த மழை வர்ணனை! அடடா!"

"கதையில் மழையே இல்லையே, ஐயா."

"இருந்திருக்க வேண்டும்," என்று சொல்லிவிட்டு மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

திரும்பிய வேகத்தில் அதன் வாலிலிருந்து இன்னோர் இறகு தானாகக் கழன்று விழுந்தது. கீழே ஒரு காட்டுப்பன்றி பாறையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் சேற்று முதுகில் இறகு ஒட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து ஓர் இலையைக்கூடக் கீறாத பன்றி, இறகோடு எழுந்து போனது.

மயிலுக்கு இறகு உதிர்கிற காலம் அது. படிக்காமலே, உதிர்ந்ததைத்தான் எடுத்துக் கொடுக்கிறது என்று கோழிக்குப் புரிந்துவிட்டது. தன் இறகை மெல்லக் கீழே வைத்தது.

"வாருங்கள், போகலாம்," என்றது குஞ்சுகளிடம். "இனிமேல் புற்றுதான்."

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருச்சாளி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"யாருடி அது, முட்டைக் கதை எழுதினவள்?"

கோழி சட்டென்று குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. "நான்தான். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? வளைக்குள் விரித்துப் படுக்கலாம் என்றுதான் இங்கே கிடந்த இலைகளை இழுத்துப் போனேன். விரிக்கும்போது கண்ணில் பட்டுத் தொலைத்தது. படித்துவிட்டேன். நேற்று ஈச்சம்புதரடியில் ஒரு முட்டை கிடைத்தது. முட்டை என்றால் எனக்கு உயிர், தெரியுமல்லவா?"

"நன்றாகவே தெரியும்," என்றது கோழி.

"பல்லைக் கொண்டுபோகிறேன், உள்ளே இருப்பது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிற மாதிரியே இருக்கிறது! வாய் வைக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். உன்னால் நான் பட்டினி!"

கோழியின் சிறகு தானாக விரிந்தது; குஞ்சுகள் வெளியே வந்து விழுந்தன.

"ரொம்ப மகிழாதே. கடைசி இலை படுமோசம். தாய் திரும்பி வந்ததாம், முட்டை பொரிந்ததாம், எல்லோரும் சுகமாம்! குஞ்சு எழுந்துவிட்டது, அவசரமாக முடித்துவிட்டாய். அப்படித்தானே?"

"கடைக்குட்டிதான் எழுந்துவிட்டது," என்றது கோழி மெதுவாக.

"நினைத்தேன். போகிற வழியில் அந்தத் தாய் ஒரு தடவையாவது நின்றிருக்காதா? அங்கே அதற்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லாமல் என்னை ஏமாற்றிவிட்டாயே!"

"என்ன ஆகியிருக்கும்?"

"என்னைக் கேட்டால்? நான் படிக்கிறவள். நீதானே எழுதுகிறவள்!"

கோழி குஞ்சுகளைத் திரட்டிக்கொண்டு தேக்கு மரங்கள் இருந்த பக்கம் வேகவேகமாக நடந்தது.

"சீக்கிரம் எழுதித் தொலை!" என்று பெருச்சாளி பின்னாலிருந்து கத்தியது. "எத்தனை நாள் நான் பசியோடு கிடப்பது?"

நீதி: படிக்காமல் புகழ்கிறவரின் வாசலில் காத்து நிற்காதே; படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவருக்காக எழுது.