வத்தலகுண்டில் விரிந்த பைன் காய்கள்

கொடைக்கானலுக்கும் மேலே, பாதி நாள் பனிமூட்டத்துக்குள் காணாமல் போகிற நெட்டைப்பாறை என்ற ஊரில் எஸ்தர் டீச்சருக்கு ஒரு பங்களா இருந்தது. டீச்சர் மதுரையில் இருந்தார். பங்களாவை இன்னாசி, மாயழகு, சவரியப்பன் என்று மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். டீச்சருக்கு அவர்கள்மேல் இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

போன கிறிஸ்துமஸுக்கு, வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி நட்சத்திரம் கட்டச் சொன்னார். ரோட்டுக்குக் குறுக்கே ஆள் உயரத்தில் கட்டிவிட்டார்கள். இரண்டு நாள் பால் வண்டி வரவில்லை.

இந்த வருஷம் டீச்சர் போனில் நிதானமாகச் சொன்னார். மரத்திலிருந்து பறிக்கக் கூடாது, தானாக விழுந்த பைன் காய்களை மட்டும் எடுக்க வேண்டும். கழுவி, வெயிலில் காயவைத்து, வாசல் கதவில் வளையமாகக் கட்ட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

"இருபத்துநாலாம் தேதி நான் அந்தக் கதவுக்குள்ள கால் வைக்கும்போது காயெல்லாம் பூ மாதிரி விரிஞ்சிருக்கணும். இல்லேன்னா மூணு பேரும் வேற வேலை பார்த்துக்கங்க."

மூவருக்கும் வேறு வேலை தெரியாது. இந்த வேலையும் தெரியாது என்பது ஊர்ப் பேச்சு.

மறுநாள் காலை பைன் மரத்தடிக்குப் போனார்கள். காலை வைக்க இடமில்லாமல் காய்கள் கிடந்தன. மாயழகு குனிந்தான். இன்னாசி தடுத்தார்.

"இது தானா விழுந்ததுன்னு நீ பார்த்தியா?"

மாயழகு பார்க்கவில்லை. குரங்கு பறித்துப் போட்டிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஆகவே மூவரும் அண்ணாந்து நின்றார்கள். மூன்று நாளில் கண்ணெதிரே ஒன்பது காய் விழுந்தது. பத்தாவது சவரியப்பன் தலையில் விழுந்தது. அது செல்லுமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். தலையில் விழுந்து, பிறகு தரையிலும் விழுந்ததால் அது இரண்டு தடவை விழுந்த காய் என்றும், அதற்கு மரியாதை கூட என்றும், வளையத்தின் உச்சியில் அதைத்தான் கட்ட வேண்டும் என்றும் முடிவானது. சவரியப்பனுக்கு வலி குறைந்தது.

கழுவினார்கள். தண்ணீர் பட்டதும் பத்துக் காயும் இதழ்களை மூடி இறுகிக்கொண்டன. வெயில் எட்டு நாளாக ஊர்ப் பக்கம் வரவில்லை. அடுப்புப் பக்கத்தில் வைக்கலாமே என்று மாயழகு சொன்னான். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல யோசனை அது.

"டீச்சர் வெயில்னுதான சொன்னாங்க, அடுப்புன்னா சொன்னாங்க?" என்றார் இன்னாசி.

வெயில் எங்கே இருக்கிறது என்று பஸ் கண்டக்டரிடம் விசாரித்தார்கள். வத்தலகுண்டில் இருக்கிறது என்றார் அவர். இருபத்திரண்டாம் தேதி மலையிறங்கி, மறுநாள் மதியம்வரை பத்துக் காய்க்கும் காவலிருந்தார்கள். காய்கள் பூவாக விரிந்தன. அன்று மாலையே திரும்பி வந்து கதவில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். விடிந்து பார்த்தால் ஈரப் பனியில் பத்தும் மறுபடி மூடிக் கிடந்தன.

அன்றுதான் இருபத்துநாலு. டீச்சர் பத்து மணிக்கு மதுரையில் கிளம்புகிறார்.

"காய் வத்தலகுண்டுலதான் விரியுது. கதவு இங்க இருக்கு," என்றான் சவரியப்பன்.

"வெயில் மேல வராது. எட்டு நாள் பார்த்தாச்சு," என்றான் மாயழகு.

இன்னாசி கண்ணை மூடி யோசித்தார். "அப்போ கதவு கீழ போகட்டும். டீச்சர் எப்படியும் அந்த வழியாத்தான் வரணும். ரெண்டு மணி நேர மலைப் பயணம் அவங்களுக்கு மிச்சம்."

கதவை நிலையோடு பெயர்த்து, கேரட் லாரியில் ஏற்றினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு டீச்சரின் கார் வத்தலகுண்டைத் தாண்டும்போது, ரோட்டோரப் பொட்டலில் அவருடைய வாசல் கதவு நின்றுகொண்டிருந்தது. மாயழகும் சவரியப்பனும் ஆளுக்கொரு பக்கம் நிலையைப் பிடித்திருந்தார்கள். கதவில் பத்துக் காயும் அப்படி விரிந்திருந்தன.

டீச்சர் இறங்கினார். கதவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் பார்க்கப் போனார். இன்னாசி குறுக்கே வந்து கைகூப்பினார்.

"சுத்திப் போகாதீங்க டீச்சர். உள்ள கால் வச்சாத்தான எங்க வேலை தங்கும்."

ரோட்டோர வாழைப்பழக்காரர் ஒருவர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றார். டீச்சர் காய்களைப் பார்த்தார். இவ்வளவு அழகாக விரிந்த பைன் காய்களை அவர் எங்கேயும் கண்டதில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பழகியவர். செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

மூவரும் மூச்சு விட்டார்கள். இன்னாசி பின்னாலேயே நுழைந்து, முகத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டு மாயழகைக் கடிந்துகொண்டார்.

"என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற. கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போடு. குளிர் உள்ள வருது, டீச்சருக்கு ஆகாது."