வெண்ணெய் சொன்ன தீர்ப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், வெயிலுக்குப் பேர்போன வேங்கைநாட்டைக் கனககேசரி என்றோர் அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஊரே வாய்பிளக்கும்படி ஓர் அரண்மனை கட்டினார். அதில் எத்தனை மண்டபங்கள் என்று கட்டியவருக்கே நினைவில்லை. சித்திரை பிறந்ததும் அத்தனையும் அடுப்பாகக் கொதித்தன.

"இந்த அரண்மனையைக் குளிரவைப்பவர் யார்?" என்று சபையில் கேட்டார் அரசர்.

வீரபாகுராயர் எழுந்தார். அரண்மனை நிர்வாகம் அவர் கையில். அமைச்சர் பதவியின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "அடியேன் இருக்கிறேன், அரசே!" என்றார்.

மறுநாளே எல்லா மண்டபங்களிலும் ஆட்கள் நின்று விசிறினார்கள். மூலைக்கு மூலை தண்ணீர் அண்டாக்கள் வந்தன. உள்ளே வந்த குளிர் வெளியே ஓடிவிடுமாம். அதனால் கதவு, சாளரம் எல்லாம் அடைத்து, கம்பளித் திரை போட்டார்கள். இருட்டிவிட்டதே என்று பட்டப்பகலில் விளக்குகளை ஏற்றினார்கள்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் அரசர்.

ராயர் தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு, "பல் கிட்டுகிறது, அரசே!" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் சபை முழுவதும் சால்வை. சொட்டச் சொட்ட வியர்த்தபடி எல்லோரும் நடுங்கினார்கள். தனக்கு மட்டும் புழுங்குகிறதே, காய்ச்சலோ என்று பயந்துபோன அரசர், ரகசியமாக வைத்தியரை அழைத்துக் கசப்புக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தார். பாவம்!

ராயர் அதோடு விட்டாரா? "ஏரி மதகை அரண்மனைப் பக்கம் திருப்பிவிட்டால், சுற்றிலும் வாய்க்கால் ஓடவிட்டு இன்னும் குளிரச் செய்யலாம்" என்றார். அரசரும் தலையாட்டிவிட்டார்.

செய்தி கேட்டு உழவர்கள் ஓடிவந்தார்கள். மூக்கன் என்பவர் முன்னால் வந்து கும்பிட்டார். "மகாராசா, கதிரு பால் பிடிக்கிற நேரமுங்க. இப்பத் தண்ணி நின்னா அத்தனையும் பதராப் போயிருமுங்க. பிள்ளைகுட்டிக்கு என்னத்தைங்க போடுவோம்?"

அமைச்சர் சொக்கப்பர் எழுந்தார். "அரசே, யாருமே இல்லாத மண்டபங்களிலும் விசிறுகிறார்களே, தூண்களுக்கு வியர்க்கிறதா?" என்றார்.

அரசருக்குச் சிரிப்பு வந்தது. ராயருக்குக் கோபம் வந்தது. "பேசுவது சுலபம். நீர் குளிரவைத்துக் காட்டும் பார்ப்போம்!"

"காட்டுகிறேன். எனக்கு ஒரு மண்டபம் போதும். நான் தோற்றால் மதகைத் திருப்புங்கள். என் அமைச்சர் முத்திரை மோதிரமும் உங்களுக்கே."

"தீர்ப்புச் சொல்வது யார்?" என்று கேட்டார் அரசர்.

"சபையோர்தான்!" என்று ராயர் முந்திக்கொண்டார்.

"சபையோரும் சொல்லட்டும். கூடவே இரண்டு மண்டபத்திலும் ஒரு தட்டு வெண்ணெயும் வைப்போம். இந்த அரண்மனையில் அரசரைப் புகழத் தெரியாதது அது ஒன்றுதான்" என்றார் சொக்கப்பர்.

சொக்கப்பர் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. மண்டபத்தின் மேல்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். மேற்குச் சுவருக்கு வெளியே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். இரவெல்லாம் சாளரங்களைத் திறந்து வைத்தார். விடிந்து வெயில் ஏறுமுன் அவற்றை மூடி, காற்று வரும் பக்கத்தில் மட்டும் வெட்டிவேர்த் தட்டி கட்டிக் கிணற்றுத் தண்ணீர் தெளித்தார். சூடு வெளியேற, கூரையை ஒட்டிய துவாரங்களைத் திறந்துவிட்டார். வெண்ணெய்த் தட்டை நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

உச்சிவேளை தாண்டியதும் சபையோர் ராயரின் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். விசிறுகிறவர்களின் மூச்சும், விளக்குச் சூடும், அண்டாவின் புழுக்கமும் முகத்தில் அறைந்தன. "ஐயோ, குளிர்!" என்று ஒரே குரலில் நடுங்கினார்கள்.

அரசர் தட்டைப் பார்த்தார். வெண்ணெய் எண்ணெயாக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கெல்லாம் நடுங்குகிறது. இது மட்டும் ஏன் உருகிவிட்டது?"

சபையோர் சால்வை நுனியால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள்.

சொக்கப்பரின் மண்டபத்தில் வெட்டிவேர் மணத்தது. வெண்ணெய் வைத்தது வைத்தபடி இருந்தது. அரசர் அங்கேயே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியானால் எனக்குக் காய்ச்சலே இல்லையா? இத்தனை நாளும் அந்தக் கஷாயத்தை வீணாகவா குடித்தேன்!" என்று கத்தினார். சபை சிரிப்பை அடக்கத் திண்டாடியது. அரசரே முதலில் சிரித்தார். பிறகு மூக்கனை அழைத்து, "பயந்துபோயிருப்பாய். தவறு என்னுடையது. மதகு உங்கள் பக்கமே இருக்கும்" என்றார். மூக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சொக்கப்பருக்குத் தம் கழுத்து மாலையைப் போட்டார் அரசர். ராயர் பக்கம் திரும்பினார். "குளிரில் நடுங்கியவர்கள் எல்லோரும் அதே சால்வையோடு இப்போதே வயலுக்குப் போங்கள். நான் குளிர்ச்சி தேடியது எவர் சோற்றைப் பறித்து என்று பார்த்துவிட்டு வாருங்கள்."

சித்திரை வெயிலில் சால்வைகள் வரிசையாக வரப்பில் நடந்ததை வேங்கைநாட்டார் வெகுகாலம் சொல்லிச் சிரித்தார்கள். கதிர் முற்றியது, களம் நிறைந்தது. அன்றிலிருந்து சிம்மாசனத்தின் பக்கத்தில் ஒரு தட்டு வெண்ணெய் இருக்கத் தொடங்கியது.

மார்கழி வந்தது. அரசர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "இந்தக் குளிருக்கு என்ன செய்யலாம்?" என்றார்.

வீரபாகுராயர் துள்ளி எழுந்தார். "அரசே! மண்டபத்துக்கு மண்டபம் பெரிய கணப்புச் சட்டிகள்..." என்றவர் கண் வெண்ணெய்த் தட்டில் பட்டது.

"நாம் இருக்கிற மண்டபம் மட்டும் போதும், அரசே. மேற்குப் பந்தலைப் பிரித்து வெயிலை உள்ளே விடுவோம். பொழுது சாயுமுன் சாளரங்களை மூடிக்கொள்வோம்."

சொக்கப்பர் எழுந்து போய், தம் பக்கத்து ஆசனத்தை அவருக்காக இழுத்துப் போட்டார்.