நடக்க வராதவர்கள்

"கோடு ஏறுது, டீச்சர். அப்புறமும் ஏன் சரின்னு சொல்ல மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் டாக்டர் நல்லதம்பி. நுரையீரல் மருத்துவர். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான் பாக்கி.

அவர் முன்னால் நின்றவர் யூனிஸ். மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். டாக்டரின் மகளைவிட ஒரு வயது இளையவர்.

கணக்கை யாரிடமாவது கொடுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள். நல்லதம்பி கேட்கவில்லை. "நோயாளிகள் என்னுடையவங்க. கணக்கையும் நானே கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வாரம் தவறாமல் யூனிஸின் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அவர் ஒரு மூச்சுப் பயிற்சியை உருவாக்கியிருந்தார். கல் குவாரித் தூசியிலும் விறகு அடுப்புப் புகையிலும் நெஞ்சு கெட்டுப்போனவர்களுக்கானது அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களை மருத்துவமனைக்கு வரச் சொல்வார். நீளமான தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போனார்கள் என்று அளப்பார். இரண்டு வருடமாக இதே வேலை.

அளக்க அளக்க சராசரி தூரம் கூடிக்கொண்டே போனது; வரைபடத்தில் போட்டபோது கோடு மேலே ஏறியது.

சுகாதாரத் துறை அந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தது. கோடு நிஜம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் அவருடைய பயிற்சி வரும். கொடுத்துவரும் மருந்துகளில் சிலவற்றைக் குறைத்துவிடலாம் என்றும் பேச்சு இருந்தது.

யூனிஸ் அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது சராசரிதானே?"

"ஆமா."

"சராசரிக்கு மூச்சு வாங்குமா, டாக்டர்?"

யூனிஸ் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக் கோடு போட்டுட்டு வாங்க."

அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வந்தபோது, தூங்காத களைப்பு முகத்தில் தெரிந்தது.

"முக்கால்வாசிப் பேருக்குக் கோடு சமமாத்தான் போகுது. சிலருக்கு இறங்குது. ஏறுறது ரொம்பக் கொஞ்சம். அப்போ சராசரி மட்டும் எப்படி இப்படி ஏறுது? நான் எங்கேயோ தப்பாக் கூட்டிட்டேன் போல."

"கூட்டினது சரிதான்" என்றார் யூனிஸ்.

அப்புறம் முதல் வரிசை மாணவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றார்கள். அவர்களில் உயரம் குறைந்தவர்களை மட்டும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள்.

"இப்போ நிக்கிறவங்களோட சராசரி உயரம் கூடியிருக்கா, டாக்டர்?"

"கூடியிருக்கு."

"யாரு வளர்ந்தது?"

வகுப்பு சிரித்தது. நல்லதம்பி சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் எல்லாக் கோடுகளையும் மேசையில் பரப்பினார். பல கோடுகள் பாதியிலேயே நின்றுபோயிருந்தன. அப்படி நின்றவற்றில் பெரும்பாலானவை குறைந்த தூரமே நடந்தவர்களுடையவை.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி யூனிஸிடம் போனார்.

"நின்னுபோன கோட்டையெல்லாம் என்ன செய்யறது, டீச்சர்? கடைசியா நடந்த தூரத்தையே மிச்ச இடத்துலயும் போட்டு நிரப்பிடலாமா? அப்படிச் செய்றவங்க உண்டுன்னு படிச்சேன்."

"உண்டு." யூனிஸ் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். "இது யாரு?"

"மாசிலாமணி. குவாரியில கல் உடைச்சவர்."

"இப்போ எப்படி இருக்கார்?"

"தெரியாது."

"எப்படி இருக்கார்னே தெரியாதவரை நீங்க எப்படி நடக்க வைப்பீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லதம்பி பஸ் ஏறினார்.

மாசிலாமணியின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கதவுக்கு நேரே அவருடைய படம் தொங்கியது. படத்தில் பிளாஸ்டிக் மாலை.

"போன ஆடியில" என்றார் அவர் மனைவி இசக்கியம்மாள்.

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வர்றதை நிறுத்தினார்?"

"பஸ்ஸை விட்டு இறங்கி உங்க கேட்டு வரைக்கும் நடக்க முடியலைன்னாக. அங்க போயும் நடக்கத்தானே சொல்லுவாகன்னாக." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி, "ஆனா நீங்க சொல்லிக்கொடுத்த மூச்சைக் கடைசி வரைக்கும் விடலை" என்றார்.

கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நல்லதம்பி வெளியே வந்தார். திரும்பிப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் அதில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் அடுத்த ஊர் பஸ்ஸுக்கு நின்றார்.

அந்த ஊரில், அதேபோல வராமல் நின்றுபோன செல்லக்கனியை உப்பளத்தில் பார்த்தார். தலையில் உப்புக்கூடை. அவரைக் கண்டதும் கூடையை இறக்கினாள்.

"வராமப் போனதுக்குத் திட்ட வந்தீங்களா டாக்டரய்யா? எனக்குத்தான் நல்லாயிட்டே. வேலையை விட்டுட்டு எதுக்கு வரணும்?"

நல்லதம்பி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மாசிலாமணிக்கும் இவளுக்கும் பதிவேட்டில் அவர் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்: வரவில்லை.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் பஸ்ஸில் கழிந்தன. முழங்கால் வீங்கியது. மகள் கார் அனுப்புகிறேன் என்றாள். தான் போகிற சந்துகளுக்குள் கார் வராது என்று சொல்லிவிட்டார்.

நடுவில் துறையிலிருந்து ஒரு அதிகாரி போனில் கூப்பிட்டார்.

"கூட்டம் நெருங்குது, டாக்டர். படத்தை அனுப்புங்க."

"இன்னும் ஆட்களைப் பார்த்து முடிக்கலை, சார்."

"இருக்கிறதை அனுப்புங்க. நல்லாத்தானே ஏறுது?"

"அது ஏறலை, சார்."

எவ்வளவு அலைந்தும் சிலர் கிடைக்கவே இல்லை. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள் சிலரை. சிலர் கொடுத்திருந்த முகவரியில் வீடே இல்லை.

நல்லதம்பி யூனிஸின் அறைக்கு வந்தார். வெயிலில் கறுத்திருந்தார்.

"கிடைச்சவங்களை எல்லாம் சேர்த்துட்டேன், டீச்சர். இறந்தவங்களையும் இறந்தவங்களாவே சேர்த்துட்டேன். பயிற்சியைச் சீக்கிரமே ஆரம்பிச்சவங்களுக்குப் பலன் தெரியுது. நெஞ்சு ரொம்பக் கெட்டதுக்கு அப்புறம் வந்தவங்களுக்குத் தெரியலை. எல்லாம் சேர்ந்து கோடு லேசாத்தான் ஏறுது." பாதியில் நின்ற கோடுகளை மேசையில் வைத்தார். "கிடைக்காதவங்களை எங்கே வரையறது? மாசிலாமணி மாதிரிக் கீழேயா? செல்லக்கனி மாதிரி மேலேயா?"

யூனிஸ் எழுந்தார். ஒரு சாக்பீஸை எடுத்தார். நுனியால் எழுதவில்லை. அதைப் படுக்கவைத்துக் கரும்பலகையில் அழுத்தி இழுத்தார். தொடக்கத்தில் ஒடுங்கலாக இருந்த கோடு, போகப்போக விரிந்து, முடியும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் படர்ந்தது.

நல்லதம்பி பலகைக்குப் பக்கத்தில் போய் அதன் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் விரலால் தொட்டார்.

"இதுக்குள்ள ஏறுறதும் இருக்கு, இறங்குறதும் இருக்கே."

"இருக்கு."

"இதைக் கொண்டுபோனா என் திட்டம் நிக்காது."

யூனிஸ் கையைத் தட்டித் தூசியை உதறினார்.

கூட்டத்துக்கு நல்லதம்பி அதையேதான் கொண்டுபோனார்.

திட்டம் அன்று நிறைவேறவில்லை. மருந்துகளைக் குறைக்கும் பேச்சும் அதோடு நின்றது. ஆய்வை முதலிலிருந்து தொடங்க அனுமதி கேட்டார், இந்த முறை வீட்டு வாசலுக்கே போய் நடக்கவிட்டு அளப்பதாக. கொடுத்தார்கள். அதெல்லாம் கூட்டத்தின் முடிவில் நடந்தது.

அதற்கு முன்னால், திரையில் அந்தப் படம் வந்ததும், போனில் பேசிய அதே அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மெல்லிசா ஒரு கோடு போட்டிருக்கலாமே, டாக்டர். எதுக்கு இவ்வளவு அகலம்?"

"நான் தேடிக் கிடைக்காதவங்க அதுக்குள்ளதான் இருக்காங்க, சார்."