வரித்தலை வாத்தும் நிக்கத் தெரியாத நிலமும்

அந்தக் காலத்துல, கல்லுக்கும் மண்ணுக்கும் வாய் இருந்த காலத்துல, நம்ம நிலம் வடக்க யாரோடயும் ஒட்டியே இருக்கல. சுத்தியும் கடல். நடுவுல ஒத்தையா, பெரிய தோணி மாதிரி போயிட்டே இருந்துச்சு. காத்தும் தள்ளல, துடுப்பும் போடல. ரொம்ப ரொம்ப அடியில, பாறையே சூட்டுல இளகி, கூழு மாதிரி மெதுவா புரளுது. கொதிக்கிற பால் மேல கிடக்கிற ஆடை தானா நகரும்ல, அப்படி ஒரு தேசமே நகர்ந்துச்சு.

அப்ப வருஷமும் இப்ப மாதிரி சின்னது இல்ல. ஒரு குளிர் வந்து போறதுக்குள்ள ஒரு காடு மொளச்சு, பெருத்து, மண்ணுக்குள்ள போயி, கரியாவே மாறிடும்.

அந்த நிலத்தோட தெக்குக் கோடியில, கூந்தன்குளத்துல, செங்காலின்னு ஒரு வாத்து இருந்தா. தலை அப்ப அவளுக்கு வெள்ளை வெளேர்னு இருக்கும். வீட்டுக்காரன் பேரு நரையான். குளிருக்கு கூந்தன்குளம், குஞ்சு பொரிக்க கடலுக்கு அந்தாண்ட வடகரை, இதுதான் அவங்க கூட்டத்து வழக்கம். முதல்ல போனவ எந்தக் கோட்டுல போனாளோ அதே கோட்டுலதான் எல்லாரும் போகணும். சுத்திப் போறதுங்கிறதே அவங்களுக்குத் தெரியாது.

அந்த வருஷம் நரையான் றெக்கையை முதலை கவ்விருச்சு. உசுரு தப்பிச்சான், ஆனா பறக்க முடியல. செங்காலிக்கோ வயித்துல முட்டை.

"நீ போயிட்டு வாட்டி"ன்னான். "பிள்ளைகளக் கூட்டியாந்து ஒரு தடவ கண்ணுல காட்டிரு. அதுவரைக்கும் இந்தக் குளத்த விட்டு நான் எங்க போவப் போறேன்?"

"நீங்க முன்னால பறக்காம அம்புட்டுக் கடல குஞ்சுக எப்படிங்க தாண்டும்? நடுவுல கால் வைக்க ஒரு கல்லு கூட இல்ல."

அவன் நல்லா இருந்த றெக்கையால அவள வடக்கப் பாத்துத் தள்ளி விட்டான்.

செங்காலி பறந்து நிலத்தோட வடக்கு ஓரத்துக்கு வந்தா. ஈர மண்ணுல நின்னு, அந்த நிலத்துக்கிட்டயே, "அண்ணாச்சி, வடக்கதான போறீய?"ன்னு கேட்டா.

நிலத்தோட குரல் காதுல கேக்காது, பாதத்துல கேக்கும். "அடியில இழுக்குது தாயி. போறேன்."

"எம்பிள்ளைகளுக்காக வெரசா போயி அந்தக் கரையத் தொட்டுருங்க அண்ணாச்சி. தொடுற வரைக்கும் நிக்கக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

"வாக்குக் குடுத்தேன். ஆனா, நிக்கிறதுன்னா என்ன தாயி?"

அண்ணாச்சி கேலி பண்றாருன்னு நெனச்சா. சிரிச்சுக்கிட்டே கெளம்பிட்டா. நிலமும் அதுவரைக்கும் போகாத வேகத்துல போக ஆரம்பிச்சுச்சு.

வடகரைக்குப் பக்கத்துல கடல் ஆழமில்ல. அடியில சுருளன்னு ஒரு சங்குப்பூச்சி தன்னோட சுருண்ட ஓட்டுக்குள்ள உக்காந்திருந்தான். செங்காலி தலையை முக்கி, "கடல் குறுகுதுடா, வேற எங்கயாவது போயிரு"ன்னா.

"எதுக்குக்கா அலையணும்? மூடியச் சாத்திக்கிட்டா எந்தத் தொந்தரவும் தானா போயிரும். எங்கப்பா அப்படித்தான் இருந்தாரு." டப்புன்னு சாத்திக்கிட்டான்.

வடகரையில முட்டை பொரிஞ்சுச்சு. குஞ்சுகளுக்கு றெக்கை மொளச்சுச்சு. குளிர் எட்டிப் பாக்கிற நேரத்துல செங்காலி பிள்ளைகளோட கரைக்கு வந்தா. கடலையே காணோம். அண்ணாச்சி சொன்ன சொல்லு தப்பாம வந்து தொட்டிருந்தாரு.

ஆனா தொட்ட பிறகும் வந்துக்கிட்டே இருந்தாரு.

ரெண்டு பக்கமும் புடிச்சுத் தள்ளுன ஜமுக்காளம் மாதிரி தரை சுருண்டு எந்திரிச்சுச்சு. ஒரு மடிப்பு, அது மேல இன்னொரு மடிப்பு. மேகம் அது இடுப்புக்குத்தான் இருந்துச்சு. குஞ்சுக அம்மா றெக்கைக்குள்ள நொழஞ்சுக்கிச்சு.

செங்காலி ஓடிப்போயி, ரெண்டு நிலமும் இடிக்கிற இடுக்குல தலையைக் குடுத்தா. "போதும் அண்ணாச்சி, நில்லுங்க. எம்பிள்ளைக அப்பன் முகத்தப் பாக்கணும்."

"நான் அன்னைக்கே கேட்டேனே தாயி, நிக்கிறதுன்னா என்னன்னு." அந்தக் குரல்ல கோவம் இல்ல, பாவமாத்தான் இருந்துச்சு. "நானாவா போறேன்? அடியில கொதிக்கிற வரைக்கும் போய்த்தான ஆகணும். நீ தலைய எடுத்துக்கோ, நசுங்கிருவ."

எடுத்தா. இந்த நிலம் உரசுன இடத்துல ஒரு கறுப்புக் கோடு, அந்த நிலம் உரசுன இடத்துல ஒண்ணு. வெள்ளைத் தலையில ரெண்டும் அப்படியே பதிஞ்சிருச்சு.

"அம்மா, சுத்திப் போலாமா?"ன்னு சின்னக் குஞ்சு கேட்டுச்சு.

"நம்ம வழி இதுதான்டா"ன்னா.

பறந்தாங்க. மேல போகப் போக மூச்சுக்கு காத்தே இல்ல. றெக்கை நுனியில பனி உறையுது. குஞ்சுக சோர்ந்து கீழ எறங்கும்போதெல்லாம் செங்காலி அதுகளுக்கு முன்னால போயி காத்தை வெட்டிக் குடுத்தா. உச்சியில ஒரு நிமிஷம் உக்காந்தாங்க. கால்ல ஏதோ தட்டுப்பட்டுச்சு. பாத்தா சுருளன். மூடி சாத்துனபடியே இருக்கு.

"சுருளா?"

"எல்லாம் போயிருச்சாக்கா?" உள்ள இருந்து கல்லு மாதிரி கரகரன்னு ஒரு குரல்.

செங்காலி சுத்திப் பாத்தா. வானம் தலைய இடிக்குது. கடலோட அடித்தரைதான் இப்ப உலகத்துக்கே கூரை. "கடல்தான்டா போயிருச்சு"ன்னா.

"அப்ப நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்"ன்னான் அவன்.

அங்கேருந்து தெக்க, எவ்வளவோ தூரத்துல, ஒரு துளி வெள்ளி மாதிரி கூந்தன்குளம் மின்னுச்சு. இறங்குனாங்க.

நரையான் கரையிலயே நின்னான். குஞ்சுகள ஒவ்வொண்ணா அலகால தொட்டுத் தொட்டுப் பாத்தான். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அவ தலையப் பாத்தான். "இது என்னட்டி கோடு?"

"அண்ணாச்சி வந்து சேந்துட்டாருங்க. அதுக்கு அடையாளம்."

அண்ணாச்சி இன்னும் நிக்கல. நம்ம நகம் வளர்ற வேகத்துல, இப்பவும் வடக்க போயிக்கிட்டேதான் இருக்காரு. மலையும் வருஷத்துக்கு ஒரு அரிசி ஒசரம் ஏறுது. அந்த வருஷம் தொட்டுத்தான், தலையில ரெண்டு கோட்டோட வர்ற அந்த வாத்துக மலையச் சுத்தாம, நேரா மேல ஏறித் தாண்டி கூந்தன்குளத்துக்கு வருதுக. ஒவ்வொரு தலைமுறையும், அதோட அம்மா பறந்ததவிட கொஞ்சம் ஒசரத்துல.