காலாறப் பொறுக்காத சருகுமான்

ஒரு காட்டில் மருதி என்றொரு சருகுமான் இருந்தாள். இருந்தாள் என்று பேருக்குத்தான் சொல்கிறேன், குழந்தைகளே. உடம்பு மட்டும்தான் காட்டில் இருந்தது. மனசு கடற்கரையில் கிடந்தது.

சருகுமான் என்றால் மானிலேயே குட்டி ஜாதி. முயல் உயரம்தான் இருக்கும். கொம்பு கிடையாது. கால்கள் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். மனசில் ஏதாவது பொங்கினால் பின்னங்காலால் தரையை 'டொக் டொக்' என்று தட்டும். மருதியும் அவளுடைய அக்கா செவந்தியும் ஒரே மரப்பொந்தில் வளர்ந்தவர்கள். ஒருத்தி தட்டினால் மற்றவள் பதில் தட்டுவாள். அது என்ன பேச்சு என்று காட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

ஐப்பசி மழையில் காட்டாறு பெருகி வந்து செவந்தியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மருதி கரையோடு ஓடி ஓடிப் பார்த்தாள். தண்ணீரைத் துரத்திப் பிடிக்க யாரால் முடியும்? பொந்துக்குத் திரும்பி வந்து தரையைத் தட்டினாள். பதில் வரவில்லை.

மழை ஓய்ந்ததும் ஒரு கொக்கு சேதி கொண்டுவந்தது.

"ஏ மருதி, ஒங்கக்கா சாகலை. ஆத்தோட போனவ கடலோரம் கரையேறிட்டா. பட்டினத்துல வெளக்குக் கோபுரம் இருக்கில்ல, அதுக்குக் கீழ தாழம்புதர்ல குடியிருக்கா. ஒரு கால் மட்டும் முறிஞ்சு போச்சு, ஓட முடியாது. பொழுது சாஞ்சா மேற்கே பாத்துத் தரையைத் தட்டிக்கிட்டே நிக்கிறா. என்ன நோயோ, பாவம்!"

"நோயில்லை," என்றாள் மருதி. "என்னைக் கூப்பிடுறா."

அன்றிலிருந்துதான் அவள் மனசு கடற்கரைக்குப் போனது.

ஆனால் நினைத்தபோது போய்விட முடியுமா? வழி நெடுக ஓநாய், நாய், செந்நாய். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பட்டினத்துக்கு வழி திறக்கும். அது மாசிப் பௌர்ணமி. அன்றைக்குத்தான் கடலோட்டம், காட்டு விலங்குகள் கடல் வரை ஓடும் ஓட்டம். விடியலில் காட்டெல்லையில் கிளம்பி, புதர்க்காடு, வயல் வரப்பு, உப்பளம் எல்லாம் தாண்டி, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே மணல்திட்டு ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஏறி அக்கரை சேர்ந்தால் பட்டினம். விளக்குக் கோபுரத்தைத் தொட்டால் ஓட்டம் முடிந்தது.

அந்த நாளுக்கென்று புலியரசர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஓடிக்கொண்டிருப்பவரை யாரும் தொடக் கூடாது. நடந்தாலும் ஓட்டம்தான், நொண்டினாலும் ஓட்டம்தான். ஆனால் வழியில் உட்கார்ந்துவிட்டால் காவல் போச்சு; அப்புறம் அவரவர் தலைவிதி.

கடலும் தன் பங்குக்கு ஒரு சட்டம் வைத்திருந்தது. நிலா கிளம்பும்போது நீர் ஏறும். மணல்திட்டு மூழ்கிவிடும். அந்தச் சுழலில் யானைகூடக் கால் வைக்காது.

ஓட்டத்தின் கடைசியில் ஒரு நரி போகும். களைத்துப் போனவர்களுக்கு வழித்துணையாம். தானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. வருடா வருடம் ஓடிவிட்டு வருகிறவர்கள் எல்லாம் இளைத்துத் திரும்புவார்கள். நரி மட்டும் கொழுத்துத் திரும்பும். கடற்காற்று அதற்கு ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது என்று காடு நினைத்துக்கொண்டது.

மருதி கார்த்திகையிலேயே பழக ஆரம்பித்துவிட்டாள். கூட ஓடியது நீலி என்கிற எருமை. எருமைக்கு எதற்கு ஓட்டம் என்று குரங்குகள் கிளைக்குக் கிளை சிரித்தன. நீலி கண்டுகொள்ளவில்லை. எருமைமேல் மழை பெய்தால் அது கண்டுகொள்கிறதா என்ன?

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான்டி மருதி," என்பாள். "குட்டையில முங்கியிருக்கேன், ஏரியில முங்கியிருக்கேன். கரையே இல்லாத தண்ணியில ஒரு முங்கு போடணும்."

இருவரும் முதலில் ஓடை வரை ஓடினார்கள். பிறகு குன்று வரை. தை பிறந்தபோது காட்டை ஒரு சுற்று சுற்றிவரும் அளவுக்குக் கால் தேறிவிட்டது. கரடுமுரடான பாதையில் குளம்பு காய்த்துப்போனது. மருதி ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு எட்டும் அக்காவுக்குக் கிட்டே போகிற எட்டு அல்லவா?

தை அமாவாசை வந்தது. அமாவாசை முதல் பௌர்ணமி வரை உள்ள நாட்களுக்கு அந்தக் காட்டில் 'காலாறும் பட்சம்' என்று பேர். பெரிய ஓட்டம் எதுவும் கூடாது. காலையில் கொஞ்சம் கால் வீசி நடக்கலாம். மற்ற நேரம் தின்பது, தூங்குவது. கட்டிவைத்த பலம் காலில் ஊறுவதற்கு அந்த அவகாசம் வேண்டும் என்பது ஓடிப் பழகியவர்கள் கண்ட வழக்கம். நீலி அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு சேற்றில் போய்ப் படுத்துவிட்டாள்.

மருதியால் படுக்க முடியவில்லை. ஓடிய நாட்களில் ஏக்கமும் கூட ஓடிக் களைத்துத் தூங்கிவிடும். இப்போது சும்மா இருக்கும்போதுதான் அது விழித்துக்கொண்டு நெஞ்சைப் பிறாண்டியது. கண்ணை மூடினால் அக்கா தட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் சருகு மட்டும் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது.

"என்ன தங்கச்சி, படுத்துட்டே?"

"காலாறும் பட்சம், அண்ணே."

"ஐயோ பாவம்!" என்று நரி வாயில் கை வைத்தது. "அங்க நொண்டிக் காலோட ஒருத்தி தட்டிக்கிட்டு நிக்கிறா. இங்க தங்கச்சி படுத்துத் தூங்குறா. எனக்கென்ன, நான் சொல்லலை. ஊரு சொல்லும்."

மருதி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"சோம்பேறிங்க வச்ச வழக்கம்மா இது. அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்பாங்க. நீ அடியையே நிறுத்திட்டா என்ன நகரும்? சரி, அது போகட்டும். கிழக்கே மொட்டைப்பாறை இருக்குதே, அதும் மேல ஏறி நின்னா கடல் தெரியும். ஒனக்குத் தெரியுமா?"

"கடலா? நிஜமாவா, அண்ணே?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

நரி பொய் சொல்லவில்லை, குழந்தைகளே. அதுதான் விசேஷம். மருதி அன்றைக்கே மொட்டைப்பாறைக்கு ஓடினாள். அது லேசான தூரம் அல்ல. ஏறி நின்று பார்த்தாள். வானம் முடிகிற இடத்தில் நூல் பிடித்தாற்போல் ஒரு நீலக் கோடு. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, விளக்குக் கோபுரம். மருதிக்கு அழுகை வந்துவிட்டது. பாறையை டொக் டொக்கென்று தட்டினாள். அவ்வளவு தூரத்துக்கு அது எங்கே கேட்கப்போகிறது? ஆனாலும் தட்டினாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். பார்த்தால் ஏக்கம் தீரும் என்றுதான் போனாள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதையாக ஏறிக்கொண்டே போனது. தினமும் நரி பாறையடியில் நின்று, "பலே தங்கச்சி! நாளைக்கு இன்னும் கொஞ்சம் வேகம்!" என்றது.

வளர்பிறை பாதி ஆனபோது நீலி சேற்றிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மருதி, இங்க வா. பின்னங்கால் ஏன் வீங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்லைக்கா. முள்ளு."

"முள்ளா? பாறைக்குப் போறியாமே. கொக்கு சொல்லுச்சு."

மருதி வீங்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கக் கூடாதாடி? இத்தனை மாசம் ஓடினது எதுக்கு?"

"நரியண்ணன்தான் சொன்னாரு. என்மேல அக்கறையா இருக்காரு."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்," என்றாள் நீலி.

மருதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்களுக்கென்ன தெரியும்? முங்குறதுக்குப் போறீங்க நீங்க. ஒங்களுக்காக அங்க யாரு காத்துக்கிட்டு நிக்கிறா?"

நீலி அசை போடுவதை நிறுத்தினாள். "யாரும் இல்லைதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி சேற்றில் தலையை வைத்துக்கொண்டாள். மருதிக்கு அப்போதே உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க நிற்கவில்லை. பாறைக்குப் போகப் பொழுதாகிவிட்டதே!

பௌர்ணமி விடிந்தது. காட்டெல்லையில் மானும் முயலும் பன்றியும் மயிலும் கூடி நின்றன. புலியரசர் உறுமியதும் எல்லாம் கிளம்பின. மருதி அம்பாகப் பறந்தாள். புதர்க்காட்டில் அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் அக்கா பக்கத்தில் நிற்பேன் என்று ஒவ்வொரு மூச்சும் சொன்னது.

வயல் வரப்பில் கால் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். வெயில் ஏற ஏற ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். முயல்கள் தாண்டின. காட்டுப்பன்றி குட்டிகளோடு தாண்டியது. மயில்கூடத் தோகையை இழுத்துக்கொண்டு தாண்டிவிட்டது. இரண்டு வாரம் பாறையில் கொட்டிய பலத்தைக் கால் இப்போது தேடியது, கிடைக்கவில்லை.

உப்பளத்துக்கு வந்தபோது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. கடல் வாசனை மூக்கில் ஏறியது. எதிரே விளக்குக் கோபுரம் முழு உயரத்துக்கு நின்றது. மருதி மூன்று காலில் நொண்டிக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து தேன் ஒழுகும் குரல் வந்தது.

"தங்கச்சி, ரொம்ப முடியலையா? கொஞ்சம் உக்காரும்மா. நான்தான் தொணைக்கு இருக்கேனே."

அந்த வார்த்தை எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? முழங்கால் தானாக மடங்கியது. வயிறு தரையைத் தொட இன்னும் ஒரு விரல்கடைதான் பாக்கி. அப்போது மருதிக்கு ஒன்று உறைத்தது. உட்கார வேண்டிய நாளெல்லாம் இவன் ஓடு ஓடு என்றான். ஓட வேண்டிய ஒரு நாளில் உட்கார் என்கிறான்.

மடங்கிய காலை விசுக்கென்று நிமிர்த்தினாள்.

"அண்ணே, நீங்க எப்படி வருஷா வருஷம் கொழுத்துத் திரும்புறீங்கன்னு இப்பத்தான் தெரியுது."

நரியின் சிரிப்பு போய்விட்டது. "தெரிஞ்சு என்ன செய்ய? எவ்வளவு நேரம் நிப்பே? நானும் பாக்கிறேன்," என்று அவள் நடைக்கு நடை பின்னாலேயே வந்தது.

அப்போது உப்பளத்து மண் அதிர்ந்தது. நீலி வந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரே சீரான ஓட்டம், மூச்சுகூட வாங்கவில்லை. அந்த வேகத்தில் போனால் பொழுதோடு அக்கரை சேர்ந்துவிடுவாள். மருதி தலையைக் குனிந்துகொண்டாள். இவளிடமா அப்படிப் பேசினோம்?

நீலி தாண்டிப் போகவில்லை. நரிக்கும் மருதிக்கும் நடுவில் புகுந்து, நடையைக் குறைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்கக்கா! தண்ணி ஏறிடும். ஒங்க முங்கு..."

"பேசாம நட," என்றாள் நீலி.

நடந்தார்கள். நரி சிறிது தூரம் வந்து பார்த்தது. எருமைக் கொம்பையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உப்புக் குவியலுக்குப் பின்னால் நழுவிவிட்டது.

அவர்கள் முகத்துவாரத்துக்கு வந்தபோது நிலா கிளம்பியிருந்தது. மணல்திட்டு இல்லை. அது இருந்த இடத்தில் நீர் சுழித்து ஓடியது.

அக்கரையில், விளக்குக் கோபுரத்தடியில், சின்னதாக ஓர் உருவம் நொண்டி நொண்டி நீரோரம் வந்து நின்றது. ஓடிவந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து ஏமாந்த உருவம். அது இக்கரையைப் பார்த்தது. பிறகு தட்டத் தொடங்கியது.

டொக் டொக். டொக் டொக்.

மருதி பதிலுக்குக் காலைத் தூக்கினாள். வீங்கிய கால் தரையில் படவில்லை. மற்ற காலை மாற்றித் தட்டப் பார்த்தாள். நின்ற கால் தாங்காமல் விழுந்தாள். நீலி தன் பக்கவாட்டை அவளுக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்தினாள். அப்படிச் சாய்ந்து நின்றுகொண்டுதான் மருதி தட்டினாள். அக்கரைச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு படபடவென்று பொழிந்தது. நிலா பனை உயரம் ஏறும்வரை இரு கரையிலும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் தண்ணீர் ஓடியது.

நீலி கரையோரச் சேற்று நீரில் முகத்தை நனைத்துப் பார்த்தாள். "உப்பா இருக்கு," என்றாள்.

நீர் வடிவதற்குள் காவல் நாள் முடிந்துவிடும் என்பதால், அன்றிரவே நீலியின் துணையில் மருதி காடு திரும்பினாள். ஒரு வருடம் போனது. எவ்வளவு நீளமான வருடம் என்று மருதியைத்தான் கேட்க வேண்டும். மறுபடி ஓடை வரை, குன்று வரை, காட்டைச் சுற்றி என்று இருவரும் ஓடினார்கள். மறுபடி காலாறும் பட்சம் வந்தது. மறுபடி நரியும் வந்தது. அதற்கு வெட்கம் ஏது?

"தங்கச்சி, அக்கா காத்துக்கிட்டு நிக்கிறா. நீ படுத்திருக்கியே?"

மருதி கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து நீர் மட்டும் வழிந்தது.

"நானும் காத்துக்கிட்டுதான் இருக்கேன், அண்ணே," என்றாள்.

சருகுக்கடியில் அவள் பின்னங்கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. அதை மெல்ல மடக்கி வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அவள் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு அதுதான்.

அந்த மாசிப் பௌர்ணமியில், நிலா கிளம்பி மணல்திட்டு மூழ்கியபோது இக்கரையில் நரி மட்டும் ஒட்டிய வயிற்றோடு நின்றது. அக்கரையிலிருந்து ஓர் எருமை தொப்பென்று கடலில் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், இரண்டு சருகுமான்கள் சேர்ந்து தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நீதி: ஓடத் தெரிந்தால் போதாது, ஆசை துரத்தும்போது ஆறியிருக்கவும் தெரிந்தவரே கரை சேர்வார்.