மேல்காந்தாரத்துக்குக் கொடுத்த கேடயம்

தையல்நாயகி அம்மாள் பெரிய பாடகி. அவருக்குப் பின்னால் தம்புராவை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷம் பாடியவள் தர்மு. முன்னால் இருப்பவருக்கு மூச்சு முட்டினால் பின்னால் இருப்பவர் பாட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்கியது வெளியே தெரியவும் கூடாது. பின்பாட்டு என்றால் அவ்வளவுதான்.

அன்றைக்குத் தர்முவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஈட்டி மரப் பலகையில் பதித்த வெள்ளித் தகடு. ஒரே ஒரு கச்சேரிக்காகச் சபைக்காரர்கள் செய்து கொடுத்த கேடயம். 'கல்யாணியின் மேல்காந்தாரத்தில் சபையை அசையாமல் நிறுத்திய தையல்நாயகி அம்மாளுக்கு' என்று அதில் வெட்டியிருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, சபை அசையாமல்தான் இருந்தது. ஆனால் கல்யாணி ராகத்தின் உச்சியில் நிற்கும் அந்தக் காந்தார ஸ்வரத்தைப் பாடியது அம்மாள் இல்லை, தர்மு.

கச்சேரியன்று மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது அம்மாளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தார், கையை உயர்த்தினார், சத்தம் வரவில்லை. அடுத்த நொடியே தர்மு பிடித்துக்கொண்டாள். அம்மாள் திறந்த வாயை மூடவில்லை. பிடில்காரர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷமாகத் தர்மு இதை மென்று முழுங்கிக்கொண்டே இருந்தாள். அம்மாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது காப்பாட்சியர் பரிதி, கேடயத்தின் கதையை அம்மாள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய இருவரையும் வரவழைத்திருந்தார். அம்மாளுக்கு எண்பத்தொன்று. தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து பேச்சே கரகரவென்றுதான் வரும், பாட்டு கிடையாது. அவர் சொல்வதை அச்சடித்துப் பெட்டிக்குக் கீழே ஒட்டப் போகிறார்கள். இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தர்முவுக்குத் தெரியும்.

பதிவுக் கருவியின் ஒயரைக் காணோம் என்று பரிதி பக்கத்து அறைக்குப் போனார். நாற்காலியில் அம்மாள், பக்கத்தில் தர்மு.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு அந்தக் காந்தாரத்தைப் பாடினது யாரு?"

"நீதான்."

இவ்வளவு சுலபமாக வரும் என்று தர்மு நினைக்கவே இல்லை. எப்படியெல்லாம் சண்டை போட வேண்டியிருக்கும் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அத்தனையும் வீணாகிப் போனது.

"அப்ப அதை இன்னிக்குச் சொல்லிடுங்க அம்மா. கீழே ஒரு வரி போட்டா போதும். எனக்குப் பிள்ளையா, குட்டியா? என் பேரைச் சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு."

"சொல்லிடறேன். அதுக்கு முன்னால அதை ஒரு தடவை பாடு."

"இங்கயா?"

"இங்கதான். உன் குரல்ல பாடு."

"வேற யார் குரல்ல பாடுவேன்?" என்று தர்மு சிரித்தாள். அவள் அம்மாளிடம் சிரித்துப் பேசியே வெகுநாள் ஆகியிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு கல்யாணியை எடுத்தாள். இரண்டு பிடியில் மேலே ஏறினாள். காந்தாரத்தைத் தொடுமுன் அம்மாள் இழுப்பது போலவே துளி மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு அந்த ஸ்வரத்திலேயே நின்றாள். ஐம்பத்தெட்டு வயதிலும் ஒரு பிசிறு இல்லை. அம்மாள் குரலில் இருந்த லேசான மூக்கொலிகூடத் தப்பவில்லை.

பரிதி பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன அம்மா இது, பாடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்றார். சொன்னது தையல்நாயகி அம்மாளைப் பார்த்து.

"நான் பாடலை தம்பி. இவ பாடினா."

பரிதி தர்முவைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்களா? கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா அம்மாவேதான்."

இந்த வாக்கியத்தைத் தர்மு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பாள். முதல் பத்து வருஷம் கேட்கும்போதெல்லாம் உச்சி குளிர்ந்து போனாள். அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று நம்பி, அம்மாளின் இருமலைக்கூட விடாமல் படித்துக்கொண்டாள். பிறகு தனியாக இரண்டு கச்சேரி செய்தாள். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். அம்மாவே இருக்கும்போது இவர் எதற்கு என்று மூன்றாவதுக்கு யாரும் கூப்பிடவில்லை.

அம்மாள் சொன்ன சொல் தவறவில்லை.

"எழுதிக்கங்க தம்பி. இந்தக் கேடயம் கொடுத்தாங்களே, அந்தக் காந்தாரமும் இவ பாடினதுதான். எனக்கு அன்னிக்குச் சத்தமே வரலை."

பரிதி நெகிழ்ந்து போனார். "அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு. சிஷ்யைக்காகத் தன் பேரையே விட்டுக்கொடுக்கிற குரு இந்தக் காலத்துல யாரு இருக்காங்க?"

"நிஜமாவே நான்தான் பாடினேன்" என்றாள் தர்மு.

"அந்தக் கச்சேரிப் பதிவு எங்ககிட்ட இருக்கும்மா. நூறு தடவை கேட்டிருப்பேன். அது அம்மா குரல். எனக்குத் தெரியாதா?" அவர் நோட்டை எடுத்து அங்கேயே எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். 'தன் புகழையும் சீடருக்கே தந்துவிடத் துணிந்த பெருந்தகை.' இதைத்தான் பெட்டிக்குக் கீழே போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அச்சுக்குக் கொடுக்கப் போனார்.

தர்மு பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"தெரிஞ்சேதான் பாடச் சொன்னீங்களா அம்மா?"

"நான் சொன்னா மட்டும் எல்லாரும் நம்பிடுவாங்கன்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்தே. அதான் பாடச் சொன்னேன்."

"அப்ப என் குரல்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

"இருந்துச்சு. பத்தொம்பது வயசுல வந்தியே, அன்னிக்கு வாசல்ல நின்னு ஒரு பாட்டுப் பாடினே. அப்ப கேட்டேன். அப்புறம் நான் கேக்கலை."

தர்முவுக்கு அந்தப் பாட்டு எதுவென்றே நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"எப்படி இருந்துச்சு அம்மா அது?"

தையல்நாயகி அம்மாள் பெட்டிக்குள் இருந்த கேடயத்தைப் பார்த்தார்.

"என்னுதைவிட நல்லா இருந்துச்சு" என்றார். "அதனாலதான் உன்னைப் பின்னால உக்கார வெச்சேன்."